கடல் அமிலமாதலும் பவளப்பாறைகளும்: தருமபுரி, கிருஷ்ணகிரி பள்ளிகளுக்கான கேள்வி பதில்கள்

அறிவியல் கண்காட்சிக்காகவோ வகுப்பறைச் செயல்பாட்டுக்காகவோ கடல் அமிலமாதலைக் கையில் எடுக்கும் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் உரிய பக்கம் இது. முதல் பாதியில் அறிவியல், பின்பாதியில் செய்முறை. அவசரமாகச் செய்முறை வேண்டுவோர் நேரே அங்கே போகலாம். ஆனால் கார்பனேட் பற்றிய மூன்றாவது கேள்வியை மட்டும் படித்துவிட்டுப் போங்கள். அது புரியாமல் செய்தால் கண்காட்சியில் தவறான விளக்கத்தைத்தான் சொல்ல நேரும்.

எங்கள் மாவட்டத்தில் கடலே இல்லை. இதில் எங்களுக்கு என்ன தொடர்பு?

ஒகேனக்கல்லில் விழும் காவிரி பூம்புகாரில் கடலைச் சேர்கிறது என்பதால் ஆற்று வழியாகத்தான் தொடர்பு என்று பலரும் எழுதுகிறார்கள். அது சரியல்ல. இங்கே நாம் பேசும் அமிலமாதல் காற்று வழியாக நடக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளிவரும். டீசல் என்றால் சுமார் 2.7 கிலோ. மனிதர்கள் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் ஏறக்குறைய கால் பங்கைக் கடல் உறிஞ்சிக்கொள்கிறது. கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் நிற்கும் லாரியின் புகையும் தூத்துக்குடித் துறைமுகத்தில் நிற்கும் லாரியின் புகையும் இந்தக் கணக்கில் ஒன்றுதான். அந்த வாயு ஓரிரு ஆண்டுகளில் உலகக் காற்று முழுவதும் கலந்துவிடுகிறது.

கடல் உண்மையிலேயே அமிலமாகிவிட்டதா?

இல்லை. கடல்நீர் இன்னும் காரத்தன்மை உடையதுதான். அமில, காரத் தன்மையைக் காட்டும் எண் பிஎச். அது குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று பொருள். தொழிற்புரட்சிக்கு முன் மேற்பரப்புக் கடல்நீரின் சராசரி பிஎச் சுமார் 8.2, இப்போது சுமார் 8.1. அமிலத்தின் திசையில் நகர்கிறது என்பதால் அமிலமாதல் என்கிறோம்.

0.1 என்பது அற்பமாகத் தெரியும். பிஎச் மடக்கை அளவுகோல் என்பதை மறந்தால் அப்படித்தான் தோன்றும். 0.1 குறைந்தால் ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு 25 முதல் 30 சதவீதம் கூடிவிட்டது என்று பொருள். 0.3 குறைந்தால் இரண்டு மடங்கு. வளிமண்டலத்தில் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு, 2024இல் 420 பங்கைத் தாண்டிவிட்டது. ஹவாயின் மௌனா லோவா மலையில் 1958இல் சார்லஸ் டேவிட் கீலிங் தொடங்கிய அளவீடு இன்றும் தொடர்வதால் இந்த ஏற்றத்தை ஆண்டுவாரியாகப் பார்க்க முடிகிறது.

அப்படியானால் அமிலம் பவளத்தைக் கரைக்கிறதா?

இந்தத் தலைப்பில் அதிகமாகப் பிழைபடுவது இந்த இடம்தான். பவளத்துக்கு முதல் அடி கரைதலால் விழுவதில்லை. கட்டுமானப் பொருள் குறைவதால் விழுகிறது.

கடல்நீரில் கரைந்துள்ள கனிமக் கார்பனில் சுமார் 90 சதவீதம் பைகார்பனேட்டாகவும், ஒன்பது சதவீதம் கார்பனேட்டாகவும், ஒரு சதவீதம் கரைந்த கார்பன் டை ஆக்சைடாகவும் இருக்கிறது. பவளத்தின் எலும்புக்கூடு கால்சியம் கார்பனேட்டால் ஆனது. கால்சியத்துக்குக் கடலில் பஞ்சமே இல்லை. ஒரு லிட்டரில் ஏறத்தாழ 400 மில்லிகிராம் உண்டு. தட்டுப்பாடு கார்பனேட்டில்தான்.

கார்பன் டை ஆக்சைடு நீரில் கரையும்போது கார்பானிக் அமிலம் உண்டாகி, அதிலிருந்து ஒரு ஹைட்ரஜன் அயனி பிரிகிறது. அந்த அயனி சும்மா அலைவதில்லை. அருகில் இருக்கும் கார்பனேட்டுடன் சேர்ந்து அதையும் பைகார்பனேட்டாக மாற்றிவிடுகிறது. கடலில் கார்பன் கூடுகிறது. பவளத்துக்கு வேண்டிய கார்பன் வடிவமோ குறைகிறது. பிஎச் எண்ணைவிட முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இந்தக் கார்பனேட் இழப்பைத்தான்.

'நிறைவு நிலை' என்று புத்தகங்களில் வருகிறதே, அது என்ன?

பவளம் கட்டுவது கால்சியம் கார்பனேட்டின் அரகோனைட் என்னும் படிக வடிவம். முட்டை ஓட்டில் இருப்பது கால்சைட். இரண்டில் அரகோனைட் எளிதாகக் கரையக்கூடியது. கடல்நீரில் கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து அரகோனைட் படிவதற்கு எவ்வளவு சாதகமாக இருக்கின்றன என்பதைக் காட்டும் எண்தான் அரகோனைட் நிறைவு நிலை. 1க்குக் கீழே போனால் பாதுகாப்பற்ற அரகோனைட் கரையத் தொடங்கும். வெப்பமண்டலக் கடல்களில் தொழிற்புரட்சிக்கு முன் இது 4.5 அளவில் இருந்தது. இப்போது பல இடங்களில் 4க்கும் கீழே. இன்றைய பவளப்பாறைகள் பெரும்பாலும் 3.3க்கு மேல் உள்ள நீரில்தான் செழித்திருக்கின்றன. ஆகவே 1 வரும்வரை ஆபத்தில்லை என்று எண்ணிவிடக் கூடாது. கரைதல் தொடங்குவதற்கு வெகு முன்னரே கட்டுமானம் தளர்ந்துவிடுகிறது.

பவளம் இதைச் சமாளிக்காதா?

ஓரளவு சமாளிக்கும். பவளத்தைக் கட்டும் பாலிப் என்னும் சிற்றுயிர், தன் திசுவுக்கும் எலும்புக்கூட்டுக்கும் இடையே மெல்லிய இடைவெளியில் ஒரு திரவத்தை வைத்திருக்கிறது. கால்சியத்தை உள்ளே இழுத்து ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளி, அந்தத் திரவத்தின் பிஎச்சைச் சுற்றியுள்ள கடல்நீரைவிட உயர்த்திக்கொள்கிறது. படிகம் அங்கேதான் வளர்கிறது.

இந்த வெளியேற்றத்துக்குச் சக்தி செலவாகும். வெளியே ஹைட்ரஜன் அயனிகள் கூடினால் அதே வேலைக்கு அதிகம் செலவிட வேண்டும். கிணற்று நீர்மட்டம் இறங்க இறங்க அதே அளவு தண்ணீருக்கு மோட்டார் கூடுதல் மின்சாரம் இழுப்பது போலத்தான். திசு வளர்ச்சிக்கும் இனப்பெருக்கத்துக்கும் போக வேண்டிய சக்தி இதில் கரைகிறது. போரைட்டிஸ் வகை உருண்டைப் பவளங்களில் இன்னொன்றும் தெரிய வந்திருக்கிறது. உயரம் கூடுவது அவ்வளவாகக் குறையாவிட்டாலும் எலும்புக்கூட்டின் அடர்த்தி குறைகிறது. வெளியிலிருந்து பார்த்தால் நன்றாக வளர்வதாகத்தான் தெரியும். புயல் அலை வரும்போதுதான் உள்ளே பலவீனம் என்று புரியும்.

பவளம் தவிர வேறு எவை பாதிக்கப்படும்?

முதலில் சொல்ல வேண்டியது பவளப் பாசிகள். பாறை மேல் இளஞ்சிவப்பு வண்ணம் பூசியது போல் படரும் இவை, உடைந்த துண்டுகளைச் சிமெண்ட் போல ஒட்டவைக்கின்றன. பவளத்தின் இளம் உயிரிகள் எங்கே தங்கி வளரலாம் என்று தேடும்போது இந்தப் பாசியின் வேதிச் சமிக்ஞையை நம்பித்தான் பல இனங்கள் இறங்குகின்றன. இவற்றின் உடலில் இருப்பது மக்னீசியம் மிகுந்த கால்சைட். அது அரகோனைட்டைவிடவும் எளிதில் கரையும். எனவே பாறையை ஒட்டும் பசையும், புதுத் தலைமுறைக்கான இடமும் ஒரே நேரத்தில் குறைகின்றன.

எதிர்ப்பக்கத்தில், பாறையைத் துளைக்கும் கடற்பஞ்சுகளுக்கு வேலை எளிதாகிறது. சுண்ணாம்பைக் கரைத்துத்தான் அவை துளையிடுகின்றன. கட்டுவது குறைந்து அரிப்பது கூடினால், ஒரு கட்டத்துக்குப் பிறகு பவளம் உயிரோடு இருந்தும் பாறை தேய்ந்துகொண்டே போகும். கடல்தளத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான இடத்தில் உள்ள பவளப்பாறைகளை நம்பி, கடல்வாழ் இனங்களில் ஏறத்தாழ கால் பங்கு வாழ்கின்றன. பாறையின் பொந்துகளும் இடுக்குகளும் தட்டையானால் மீன்குஞ்சுகளுக்கு ஒளிய இடமில்லை.

மீன்கள் மோப்ப சக்தியை இழந்து எதிரியை நோக்கியே நீந்தும் என்று சில கட்டுரைகளில் படித்திருப்பீர்கள். 2009ஐ ஒட்டி வந்த ஆய்வுகள் அப்படிச் சொன்னது உண்மை. 2020இல் வெளியான, அதிக எண்ணிக்கையிலான மீன்களை வைத்துச் செய்த மறு ஆய்வில் அந்த விளைவு தென்படவில்லை. கண்காட்சி அட்டையில் இதை உறுதியான உண்மையாக எழுத வேண்டாம்.

பவளம் வெளுப்பதும் இதனால்தானா?

முதன்மைக் காரணம் வெப்பம். கோடைக்கால உச்ச வெப்பநிலையைவிட 1 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சில வாரங்கள் நீடித்தாலே, பவளத் திசுவுக்குள் வாழ்ந்து உணவளிக்கும் நுண்பாசிகள் வெளியேறி வெண்மை தெரிகிறது. அமிலமாதல் வேறு வழி. ஆனால் வேர் ஒன்றுதான், கார்பன் டை ஆக்சைடு. வெளுத்துப் பிழைத்த பவளம் மீண்டும் வளர வேண்டிய நேரத்தில் கார்பனேட் குறைவாக இருந்தால் மீட்சி தாமதமாகும். இரண்டையும் ஒரே படத்தில் போட்டு ஒன்றாக்கிவிடாதீர்கள்.

ஆய்வகத்தில் அல்லாமல் கடலிலேயே நிரூபித்திருக்கிறார்களா?

ஆம். இரண்டு இடங்களைச் சொன்னால் போதும்.

பப்புவா நியூ கினியின் மில்ன் வளைகுடாவில், கடலடியிலிருந்து கார்பன் டை ஆக்சைடு குமிழ் குமிழாக இயற்கையாகவே வெளிவரும் பவளப்பாறைகள் உள்ளன. குமிழுக்கு அருகே போகப் போக பிஎச் குறைகிறது. 8.1 உள்ள இடத்தில் கிளைப்பவளம், மேசைப்பவளம் எனப் பல வடிவங்கள். 7.8ஐ நெருங்கும்போது அவை அருகி, உருண்டைப் போரைட்டிஸ் மட்டும் மேலோங்குகிறது. 7.7க்குக் கீழே பாறை உருவாவதே நின்றுவிடுகிறது. தண்ணீர் சூடு அங்கே கூடவில்லை என்பதால் அமிலமாதலின் விளைவைத் தனியாகப் பார்க்க முடிந்தது. 2011இல் இந்த ஆய்வு வெளியானது.

இரண்டாவது, ஆஸ்திரேலியாவின் பெரும் தடுப்புப் பவளத்திட்டில் உள்ள ஒன் ட்ரீ தீவு. அங்கே இயற்கையான பாறைத்தளத்தின் மேல் ஓடும் நீரில் காரம் கலந்து, பிஎச்சைத் தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலைக்கு உயர்த்தினார்கள். சுண்ணாம்பு படியும் வேகம் சுமார் 7 சதவீதம் கூடியது. பிறகு அதே இடத்தில் கார்பன் டை ஆக்சைடு கலந்து, இந்த நூற்றாண்டின் இறுதியில் எதிர்பார்க்கப்படும் நிலையை உண்டாக்கியபோது 34 சதவீதம் குறைந்தது. முடிவுகள் 2016, 2018 ஆண்டுகளில் வந்தன. முதல் எண் சிறியதுதான். ஆனால் இழப்பு ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி.

தமிழ்நாட்டுப் பவளப்பாறைகள் எங்கே இருக்கின்றன?

ராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றியும், பாக் விரிகுடாவிலும். 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவும், 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகமும் அறிவிக்கப்பட்டன. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்த காலத்தின் விளைவாகப் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி ஆகிய இரு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. 1998, 2010, 2016 ஆண்டுகளில் பெரும் வெளுப்பு நடந்தது. இவ்வளவு அடிபட்ட பாறைக்கு அமிலமாதல் மேலும் ஒரு சுமை. கழிவுநீரையும் இழுவலையையும் கட்டுப்படுத்தினால் அமிலமாதல் நிற்காது. ஆனால் பவளம் தாங்கும் காலம் நீளும். உள்ளூர் அளவில் செய்யக்கூடிய உருப்படியான வேலை அதுதான்.

செய்முறைக்கு எதைச் செய்யலாம்?

சுண்ணாம்பு நீர்ச் சோதனையைத்தான் பரிந்துரைக்கிறோம். பாடப்புத்தகத்தில் பால்போல் மாறுவதோடு நிறுத்திவிடுவார்கள். நமக்கு வேண்டியது அதற்குப் பிறகு நடப்பது.

வெற்றிலைக்கு வைக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு அல்லது ஆய்வகக் கால்சியம் ஹைட்ராக்சைடு ஒரு தேக்கரண்டியை ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் கலக்கி, மூடி, ஓர் இரவு அசையாமல் வையுங்கள். ஒரு லிட்டரில் சுமார் 1.7 கிராம்தான் கரையும். மீதி அடியில் தங்கும். மேலே உள்ள தெளிவை மட்டும் வடிதாளில் வடித்து, ஒரு பங்கு தெளிவுக்கு நான்கு பங்கு ஆர்.ஓ. தண்ணீர் சேருங்கள். இப்படி நீர்க்கச் செய்வது கட்டாயம். செய்யாவிட்டால் வெண்மை வரும், கடைசிவரை தெளியாது. நிறையப் பேர் தோற்பது இங்கேதான்.

வாயுவுக்கு: அரை லிட்டர் பாட்டிலில் இரண்டு தேக்கரண்டி ஆப்பசோடா, அதன் மேல் 100 மில்லி வினிகரைச் சிறிது சிறிதாக ஊற்றி, துளையிட்ட மூடியில் செருகிய குளுக்கோஸ் டியூப் வழியாக வாயுவைச் சோதனைக் குழாயின் அடிவரை விடுங்கள். வினிகரை ஒரேயடியாகக் கொட்டினால் நுரை டியூபில் ஏறி, வினிகரே சுண்ணாம்பு நீருக்குள் போய்விடும். அப்போதும் தெளியும், ஆனால் அது வேறு வினை. இதைத் தடுக்க நடுவில் வெற்று பாட்டில் ஒன்றை வைத்து, நுரை அதில் தங்குமாறு செய்யுங்கள். வாயால் ஊதலாம், ஆனால் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு 4 சதவீதம் அளவில்தான் இருப்பதால், இந்தச் செறிவு முழுதாகத் தெளியாது. தப்பித்தவறி உறிஞ்சினால் வாயும் தொண்டையும் வெந்துவிடும். சிறுவர்களிடம் கொடுக்க வேண்டாம்.

முதலில் பால்வெண்மை: அது கால்சியம் கார்பனேட், பவளக்கூட்டின் பொருள். வாயுவை நிறுத்தாமல் விட்டுக்கொண்டே இருங்கள். வெண்மை மெலிந்து, குழாயின் பின்னே பிடித்த எழுத்து மங்கலாகத் தெரிந்து, பிறகு முற்றும் தெளிவாகும். கார்பனேட் பைகார்பனேட்டாகிவிட்டது. கடலில் நடக்கும் வினை இதுவே. வேகமும் அளவும்தான் இங்கே மிகைப்படுத்தப்பட்டவை. அதைப் பார்வையாளர்களிடம் சொல்லிவிடுங்கள். தெளிந்த நீரைக் கொதிக்க வைத்தால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி வெண்மை திரும்பும். போர்வெல் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கும் இப்படி வருவதுதான்.

முட்டை ஓட்டை வினிகரில் போடுவது எளிதாக இருக்கிறதே?

எளிதுதான், தவறான எண்ணத்தையும் அதே எளிமையோடு விதைக்கும். வினிகரின் பிஎச் 2.5 அளவில், கடல் ஒருநாளும் அங்கே போகாது. செய்தே ஆக வேண்டுமென்றால் வினிகருக்குப் பதில் இனிப்பில்லாத சோடா பயன்படுத்துங்கள். அதில் உள்ளதும் கார்பானிக் அமிலம்தான். ஓட்டைக் கொதிக்கவைத்து உள்சவ்வை உரித்துவிட்டு, வெயிலில் உலர்த்தி, 0.01 கிராம் காட்டும் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். நகைக்கடைத் தராசு போதும். நாள்தோறும் புதுச் சோடா மாற்றி மூடி வையுங்கள். திறந்து வைத்தால் வாயு போய்விடும். ஒரு வாரம் கழித்து உலர்த்தி மீண்டும் நிறுங்கள். சவ்வை உரிக்காமல் விட்டால் ஈரம் தங்கி எடை கூடுதலாகக் காட்டும்.

எங்கள் போர்வெல் தண்ணீரில் உப்புக் கலந்து கடல்நீர் என்று காட்டலாமா?

மூச்சை ஊதி நீரின் பிஎச் குறைவதை நிறமாற்றத்தில் காட்டும் சோதனைக்கு அது வேண்டாம். நம் பகுதிப் போர்வெல்கள் பலவற்றில் பைகார்பனேட் கடல்நீரைவிட அதிகம். கடல்நீரின் காரத்தன்மை (இங்கே, அமிலத்தை ஈடுகட்டும் திறன்) லிட்டருக்குச் சுமார் 2.3 மில்லிமோல், அதாவது கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டால் 115 மில்லிகிராம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தின் ஏற்கத்தக்க வரம்பே 200 மில்லிகிராம். அதையும் தாண்டும் போர்வெல்கள் இங்கே உண்டு. அப்படிப்பட்ட நீரில் நெடுநேரம் ஊதினாலும், பிஎச்சுக்கு ஏற்ப நிறம் மாறும் நிறங்காட்டி சோம்பலாகத்தான் மாறும்.

ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் 35 கிராம் கல்லுப்பு, 0.2 கிராம் ஆப்பசோடா சேருங்கள். 0.2 கிராமை நிறுப்பது கடினம் என்றால், 10 கிராம் ஆப்பசோடாவை ஒரு லிட்டரில் கரைத்து, அதில் 20 மில்லி எடுத்தால் சரியாக வரும். சில சொட்டு பினால் ரெட் நிறங்காட்டி விட்டால் இளஞ்சிவப்பாக இருக்கும். ஸ்ட்ரா வழியே ஊத ஊத ஆரஞ்சாகி மஞ்சளை நோக்கிப் போகும். இதே நிறங்காட்டியை வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் விட்டால் ஊதும் முன்பே மஞ்சள்தான். காற்றிலிருந்து இறங்கிய சிறிதளவு கார்பன் டை ஆக்சைடே தாங்கல் (பிஎச் எளிதில் மாறாமல் காக்கும் பொருள்) இல்லாத நீரின் பிஎச்சைத் தள்ளிவிடுகிறது. போர்வெல் நீர், இந்த மாதிரிக் கடல்நீர், வெறும் ஆர்.ஓ. தண்ணீர் ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால், கடலின் தாங்குதிறன் என்றால் என்ன என்று தனியாக விளக்கத் தேவையிருக்காது.

பிஎச் பேனா வாங்கினால் 0.1 மாற்றத்தை அளக்கலாமா?

மலிவான பேனாவின் பிழையே 0.1 அளவுக்கு இருக்கும். 1 முதல் 14 வரை காட்டும் தாள் இதற்கு உதவவே உதவாது. பேனாதான் என்றால் 7.0, 9.2 தாங்கல் மாத்திரைகளை அட்டையில் சொன்ன அளவு காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, அன்றன்றைக்கு இரு புள்ளியில் சரிபாருங்கள். முனையை உலரவிடாதீர்கள். ஒவ்வோர் அளவீட்டுக்கும் முன் கழுவி, எண் நிலைக்கும் வரை ஒரு நிமிடமாவது காத்திருங்கள்.

கடலில் சுண்ணாம்பைக் கொட்டிச் சரிசெய்ய முடியாதா?

வேதியியல்படி முடியும், ஆராய்ச்சியும் நடக்கிறது. ஒரு மூலக்கூறு சுண்ணாம்பு கடலில் கரைந்தால் சுமார் 1.6 மூலக்கூறு கார்பன் டை ஆக்சைடை ஈர்த்து வைக்கும். ஆனால் அந்தச் சுண்ணாம்பைச் சூளையில் நீற்றும்போதே கல்லிலிருந்து ஒரு மூலக்கூறு வெளியேறிவிடுகிறது. எரிபொருளின் புகை தனி. சூளைப் புகையைப் பிடித்து வைக்காவிட்டால் மிச்சம் அற்பம். உலகம் ஆண்டுக்கு 3,500 கோடி டன்னுக்கும் மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியிடுகிறது. அதற்கு ஈடாகச் சுண்ணாம்பு நீற்ற எந்த நாட்டிடமும் சூளை இல்லை. வெளியேற்றத்தைக் குறைப்பதே நேரான வழி. வெப்ப உயர்வு 1.5 டிகிரியில் நின்றாலும் வெப்பமண்டலப் பவளங்களில் 70 முதல் 90 சதவீதம் குறையும், 2 டிகிரியில் 99 சதவீதத்துக்கும் மேல் போகும் என்று பன்னாட்டுக் காலநிலைக் குழு 2018இல் சொன்னது. தப்பிக்கும் அந்தச் சிறு பங்குக்காகத்தான் ஒவ்வொரு அரை டிகிரிக்கும் போராட வேண்டியிருக்கிறது.

கண்காட்சிக்கு உண்மையான பவளத் துண்டு கிடைக்குமா?

தேட வேண்டாம். பாறை கட்டும் பவளங்கள் எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. கடையில் வாங்குவதும், ராமேசுவரம் சுற்றுலாவில் கரையொதுங்கிய வெள்ளைக் கிளையைப் பையில் போட்டுக்கொண்டு வருவதும் குற்றம். மோதிரத்தில் பதிக்கும் சிவப்புப் பவளம் வேறு இனம். அது பாறை கட்டுவதில்லை, மாதிரியாகக் காட்டவும் பொருந்தாது. வடிவம் காட்டக் களிமண்ணில் செய்துகொள்ளுங்கள். சுண்ணாம்புப் பொருளாக முட்டை ஓடே போதும். அது கால்சைட், பவளம் அரகோனைட் என்று அட்டையில் ஒரு வரி எழுதி வையுங்கள்.